பின்கதவுக்குள் விழுந்த காது

காரை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். அது அவர்கள் வீட்டுச் சட்டம். சண்டை என்றால் காருக்குள் மட்டும்தான். வீட்டுக்குள் மூச்சு விடக் கூடாது, ஏனென்றால் மாடியில் ஒரு ரிட்டயர்டு சர்வேயர் குடியிருக்கிறார், அவருக்கு வேறு வேலை கிடையாது. காருக்குள் என்றால் அந்தத் தொந்தரவு இல்லை. பின்சீட்டில் பாப்பா இருப்பாள்தான். ஆனால் அவளுக்குக் காது மந்தம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற அவளுக்கு முன்சீட்டில் இருப்பவர்களின் உதடு தெரியாது, ரோட்டு இரைச்சலில் காது மெஷினும் ஒழுங்காக எடுக்காது, ஆகவே குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

அவன் பல்செட் செய்கிறவன். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்கெல்லாம் பல் வரிசை செய்து கொடுப்பான். அவள் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒரு பிசிறில்லாமல் சொல்லும் குரல். சண்டை போடும்போதும் அதே குரல், அதே தெளிவு. அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் காலையில் பாப்பாவுக்கு ஷூ வாங்கப் போய்த் திரும்பியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பக்கத்துப் பேட்டை ஸ்கூலில் அவளுக்கு ஒரு சோதனை. ஹெட்மிஸ்ட்ரஸ் பாப்பாவின் முதுகுப் பக்கம் நின்று, உதடு தெரியாமல் வார்த்தைகளைச் சொல்வார். பாப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தெருப் பிள்ளைகளோடு அந்த ஸ்கூலிலேயே சேர்த்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் காது கேளாதவர்களுக்கான ஸ்கூல்தான். அது வேறு ஊரில் இருக்கிறது, ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஏழு வயசுக் குழந்தையை வாரக்கணக்கில் விட்டுவிட்டு வர வேண்டும். "ஒரே ஒரு தடவைதான். நாளையிலேர்ந்து லீவு, அட்மிஷனை மூடிடுவோம்," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் அடித்தமாதிரி சொல்லியிருந்தார்.

பாப்பா புது ஷூவைப் பார்த்தபடியே காரைவிட்டு இறங்கினாள். அம்மாதான் முதலில் கவனித்தாள். குழந்தையின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"காதுல மெஷின் எங்க?"

பாப்பா காரின் பின்கதவைக் காட்டினாள். கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கு. அங்கே ரப்பர் பட்டை பிய்ந்து, ஒரு விரல் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"உள்ள போயிடுச்சு," என்றாள். மெஷின் இல்லாதபோது தன் குரலே அவளுக்குக் கேட்காது என்பதால் தெருமுனை வரைக்கும் எட்டுகிற மாதிரிதான் பேசுவாள். "குழியில வண்டி குதிச்சுதுல்ல, அப்ப."

பல்செட்காரன் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான், எட்டவில்லை. இடது காது பாப்பாவுக்குப் பிறவியிலேயே சுத்தமாகக் கிடையாது. வலது காதும் அந்த மெஷின் இருந்தால்தான் காது. வேறு மெஷின் வீட்டில் இல்லை. பழையது செத்துப்போய் வருஷமாகிறது. அந்த ரப்பரை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவனே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதோடு சரி.

மெக்கானிக்குக்குப் போன் போட்டான். "கதவு பேனல்தானே சார், கழட்டிடலாம். செவ்வாக்கிழம கொண்டாங்க," என்றான் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை இந்தக் குழந்தைக்குச் சோதனை வைக்க யார் இருக்கிறார்கள்? போனை வைத்துவிட்டு அவன் சட்டைக் கையை மடித்தான்.

"உங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றாள் அவள், தணிந்த குரலில். வாசல்தான், ஆனாலும் வீட்டு எல்லை.

"நான் நாள் பூரா பிளாஸ்டிக்லதானே வேலை பண்றேன்."

"அது பல்லு. இது கதவு."

அவன் உள்ளே போய் ஸ்குரூ டிரைவரையும், வேலைக்கு எடுத்துப்போகிற தன் பையையும் கொண்டுவந்தான். பையில் மெழுகு இழைக்கிற தட்டைக் கத்திகள், வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, ஸ்பிரிட் விளக்கு, ஒட்டு மெழுகு எல்லாம் இருந்தன. கார் வேலைக்கு இதை எடுத்துவருகிற ஆள் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முதல் திருகாணி கதவு திறக்கிற கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கை வைக்கிற மேடைக்கு அடியில் இன்னும் இரண்டு. அவற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். இனிமேல் கதவின் உள்பக்கத்தை மூடியிருந்த பேனலின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பவை உள்ளே குத்தியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான். தட்டைக் கத்தியைக் கீழ் ஓரத்தில் நுழைத்து, கிளிப்பு எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்த்துப் பக்கத்தில் வைத்து நெம்பினான். பழைய பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து கிடந்தது. அவசரப்பட்டால் படீரென்று போய்விடும். முதல் கிளிப்பு 'டப்' என்று விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவது உடைந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி, கதவோட மல்லுக்கட்டுறீங்க?"

சர்வேயர் வந்துவிட்டார். இவ்வளவு நேரம் வராமல் இருந்ததே பெரிய விஷயம். புருஷனும் பெண்டாட்டியும் அவருக்கு ரகசியமாக வைத்திருந்த பெயர் ஆலோசனைச் சங்கம். அவர் ஒருவரேதான் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் இடுப்பில் கை வைத்துக் கதவைப் பார்த்தார். பாதி இறங்கி நின்ற கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடிய முழுசா மேல ஏத்திட்டா உள்ள இடம் கிடைக்குமே," என்று சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்தார். சாவி காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பல்செட்காரன் "வேணாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சாவியைத் திருப்பி, டிரைவர் பக்கத்துப் பட்டன்களில் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டார்.

கண்ணாடி ஏறவில்லை. இறங்கியது. இரண்டு விரல் இறங்கி, கதவுக்குள்ளே 'கர்ரக்' என்று எதையோ நசுக்கிய சத்தத்தோடு நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. பாப்பாவுக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ஆனதென்று கேட்காமலே அழ ஆரம்பித்தாள்.

பல்செட்காரனுக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரைத் தூக்கி மாடியிலேயே எறிந்திருப்பான். எறிவதற்கு நேரமில்லை. "சாவிய இவ கையில குடுத்துட்டு மேல போங்க சார். தயவுசெஞ்சு," என்றான். அவர் வாய் பேசாமல் போனார். அவர் வாய் பேசாமல் போனதை அந்தத் தெருவில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மிச்சக் கிளிப்புகளில் இன்னும் இரண்டு உடைந்தன. உடைந்தால் உடையட்டும். பேனலை அப்படியே மேல்நோக்கித் தூக்கி, கண்ணாடி ஓரத்திலிருந்து கழற்றினான். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற மெல்லிய கேபிளை விடுவித்தான். கண்ணாடிப் பட்டனின் ஒயரைப் பிடுங்கினான். பேனலைத் தரையில் மல்லாத்திப் போட்டான். கதவின் உள்பக்கம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் தாள் கருப்புப் பசையில் ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்காமல் பாதிவரைக்கும் உரித்து மேலே மடித்தான்.

உள்ளே இருட்டு. தகரத்தில் வெட்டிய ஓட்டைகள். அவள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவன் வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல்லைத் தேடுவதைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு இரும்புக் கைகள், அவற்றின்மேல் கண்ணாடி. அந்தக் கைகள் சேர்கிற கவட்டில் தோல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

"இருக்கு," என்றான்.

"உடைஞ்சிடுச்சா?"

"தெரியல. கவட்டுல சிக்கியிருக்கு. பாதிதான் தெரியுது."

"குச்சியால தட்டி விடலாமா?"

"கீழ பாரு."

அவள் வெளிச்சத்தைத் தாழ்த்தினாள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைத்து, கருப்புச் சேறு தேங்கி நின்றது. மெஷின் அதில் விழுந்தால் அதோடு கதை முடிந்தது. தண்ணீர் பட்ட மெஷினை உலர்த்தவே ஒரு நாள் ஆகும், அதுவும் பிழைத்தால்.

இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இரும்புக் கைகள் விலகினால்தான் அது வெளியே வரும். கைகள் விலக வேண்டுமென்றால் கண்ணாடி கொஞ்சம் மேலே ஏற வேண்டும். கொஞ்சம் என்றால் நகக்கண் அளவு. ஏறுகிற அந்தக் கணத்தில் மெஷின் கீழே விழாமல் யாராவது அடியில் கையை வைத்திருக்க வேண்டும். ஏறுவதற்குப் பதிலாக இன்னொரு தடவை இறங்கினால், மெஷினும் தூள், அந்தக் கையின் விரலும் தூள்.

விரல் போனால் அவன் தொழில் போயிற்று. அவளுக்கும் அது தெரியும்.

"முன்னாடி பட்டனைத் தட்டினா முழுசா ஓடிடும். பேனல்லேர்ந்து பட்டனைக் கழட்டி ஒயர்ல மாட்டு. நீதான் அமுக்கணும்," என்றான்.

அவள் கழற்றி மாட்டினாள். ஒயர் நுனியில் அந்தப் பட்டன் மட்டும் அவள் உள்ளங்கையில் கிடந்தது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. ஒரு முனையை அமுக்கினால் ஏறும், மறுமுனையை அமுக்கினால் இறங்கும். அம்புக்குறி எல்லாம் பாப்பாவின் விரல் பட்டுப் பட்டு எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"எந்த முனை மேல?" என்று கேட்டாள்.

"முன்பக்கம்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்குச் சுருக்கென்று ஏறும். 'எல்லாம் தெரிஞ்சவ நீயே பாத்துக்கோ' என்பான். அதற்கு அவள் அந்த அறிவிப்புக் குரலில் ஒன்று சொல்வாள். அப்புறம் அது எங்கேயோ போய் முடியும். இன்றைக்கு அவன் பையிலிருந்து ஒட்டு மெழுகைத் தேடி எடுத்தான்.

அவள் தரையில் கிடந்த பேனலைத் திருப்பிப் போட்டாள். பட்டன் உட்காரும் பள்ளத்தில் அதை ஒருதரம் பொருத்திப் பார்த்தாள். ஒரு பக்கமாக மட்டும்தான் உட்கார்ந்தது. பாப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"ஜன்னலைத் திறக்க எந்தப் பக்கம் அமுக்குவே? தொடாம காட்டு."

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முனையைக் காட்டினாள். அம்மா வீட்டுக்குள் ஓடி நகப்பாலிஷை எடுத்துவந்து மறுமுனையில் ஒரு பொட்டு வைத்தாள். அவன் முன்பக்கம் என்று நினைத்தது தப்பு. பொட்டு பின்பக்க முனையில் இருந்தது.

ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, தட்டைக் கத்தியின் நுனியில் ஒட்டு மெழுகை உருக்கினான். மெழுகு ஆறி, ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும் கத்தியை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, தெரிந்த அந்தப் பாதி முதுகில் மெல்ல அழுத்தினான். பிடித்ததா என்று தெரியவில்லை. இடது கையை முழங்கைவரை இன்னொரு ஓட்டையில் நுழைத்தான். தகர விளிம்பு தோலைக் கீறியது. உள்ளங்கையைக் கவட்டுக்கு அடியில் ஏந்தினான். இரும்புக் கை அவன் கட்டை விரலை உரசிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தட்டு. தட்டிட்டு விரலை எடுத்துடணும்."

"ம்."

"சாவி?"

"போட்டாச்சு." அவள் குரல் பிசிறியது. பஸ் ஸ்டாண்டில் யாரும் கேட்டிராத குரல் அது. "கைய எடுத்துடுங்களேன். வேற ஏதாவது பண்ணலாம்."

"நேரமில்லம்மா. அமுக்கு."

அவள் அமுக்கினாள்.

மோட்டார் முனகியது. இரும்பு அசைந்து அவன் விரலைவிட்டு விலகியது. கவடு திறந்தது. கத்தி நுனியில் ஒரு பாரம் தொங்கி, மறுகணம் மெழுகு விட்டுக்கொண்டது. சின்னதாக ஏதோ ஒன்று அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவன் விரல்களை மூடிக்கொண்டான். கையை வெளியே இழுக்கும்போது தகரம் இன்னொரு கோடு போட்டது. அதெல்லாம் உறைக்கவே இல்லை.

மெஷினின் முதுகில் ஒரு கீறல். ஓட்டில் மெல்லிய விரிசல். பேட்டரிக் கதவு திறந்து தொங்கியது, உள்ளே பேட்டரி இல்லை. பாப்பாவின் பையிலிருந்து புதுப் பேட்டரி எடுத்து, ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட்டு உயிர்வருவதற்காகக் கொஞ்சம் காத்திருந்து, உள்ளே வைத்து மூடினான். உள்ளங்கைக்குள் குவித்துக் காதருகே கொண்டுபோனான். நல்ல மெஷின் என்றால் கைக்குள் விசிலடிக்க வேண்டும்.

சத்தமே இல்லை.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேட்டரிக் கதவைத் திறந்து பார்த்தான். சரியாக உட்காரவில்லை, விரிசலால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. இதுவாவது அவனுக்குத் தெரிந்த வேலை. சூடான கத்தியால் அந்த ஓரத்தை ஒரு தடவு தடவி, இழைத்து, மறுபடி மூடினான்.

'கீ' என்று விசிலடித்தது.

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பிவந்ததுபோல இருந்தது இருவருக்கும். அவன் மெஷினைப் பாப்பாவின் காதில் மாட்டி, பின்னால் நின்று மெதுவாக "பாப்பா" என்றான். பாப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கதவை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவன் சட்டைப் பையிலிருந்து திருகாணிகளை எடுத்தான். பதற்றத்தில் ஒன்று நழுவி, கதவின் ஓட்டைக்குள் போய்ச் சேற்றில் விழுந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே கையை விட்டுத் துழாவினான். திருகாணி அகப்படவில்லை. வட்டமாக, சின்னதாக, வழவழவென்று ஏதோ அகப்பட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வாஷர் போலிருக்கிறது என்று நினைத்து அள்ளி வெளியே எடுத்தான்.

அவ்வளவும் காது மெஷின் பேட்டரி. சேறு பூசிய பேட்டரிகள் ஒரு கைப்பிடி இருந்தன.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. சில மாதங்களாகவே காரில் போய் இறங்கும்போதெல்லாம் பாப்பா "பேட்டரி தீந்துடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்பாள். இவர்களும் புதுசு போடுவார்கள். கடைக்காரன் டூப்ளிகேட் விற்கிறான் என்று அவன் கடைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான். பேட்டரி தீரவில்லை. கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினான்.

"இதெல்லாம் நீ போட்டதா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

"ஏன் கண்ணு?"

"நீங்க ரெண்டு பேரும் கார்ல பேசுவீங்கள்ல. அப்ப எடுத்துடுவேன்." குற்றம் சொல்வதுபோல இல்லாமல், மழை வந்தால் குடையை விரிப்பேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். "இன்னிக்கு வண்டி குதிச்சதால மெஷினே விழுந்துடுச்சு."

அவள் வாசல்படியிலிருந்து எழுந்து வந்தாள். "நாங்க பேசறது உனக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"வண்டி ஓடும்போதா? நாங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருப்போமே."

"எல்லாம் கேக்கும்மா." பாப்பா அப்பாவின் கையிலிருந்த பேட்டரிகளை ஒரு விரலால் ஒதுக்கினாள். "ஒங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்துதான் இந்தக் காது வந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. நீங்க அழுதீங்க. இன்னிக்கு நீங்க, என் வேலையே போயிடப்போகுது இவளாலன்னு சொன்னீங்க. அப்பா, பேசாம அந்த ஹாஸ்டல்லயே விட்டுடலாம், நிம்மதியா இருக்கலாம்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எடுத்துட்டேன்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அவன் சொன்னது அதே வார்த்தைதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. கோபத்தில் வாய் இருக்கிறதே என்று சொன்னதுதான். பாப்பாவை விட்டுவிட்டு ஒரு ராத்திரி அவனால் தூங்க முடியுமா? ஆனால் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? கேட்டது அதுதானே.

"அது கோவத்துல சொன்னது பாப்பா. நெஜமில்ல," என்றான்.

"தெரியும். அதான் கார்ல சொன்னீங்க," என்றாள் பாப்பா.

அவன் நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கண்ணில் வேறு என்னவோ ஒன்றும் இருந்தது. அவனுக்கும் அதே சமயத்தில்தான் உறைத்தது. உதடு தெரியாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் பேசிய பேச்சு பாப்பாவுக்கு வரிக்கு வரி கேட்டிருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு அமைதியான அறையில் பின்னால் நின்று சொல்லப்போகிற நாலு வார்த்தையா கேட்காது? அந்தச் சோதனையை இந்தக் குழந்தை தினமும் பின்சீட்டில் எழுதிக்கொண்டிருந்தது. வினாத்தாள் தயாரித்தவர்கள் இவர்கள்தான். இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கிளம்பணும்," என்றாள் அவள். "முதல்ல கதவை மாட்டுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள். அவன் பிளாஸ்டிக் தாளை இறக்கிக் கருப்புப் பசையின்மேல் வைத்து அழுத்தினான். அவள் பட்டனைப் பள்ளத்தில் பொருத்தினாள். அவன் பேனலைத் தூக்கிக் கண்ணாடி ஓரத்தில் மாட்டி, கிளிப்புகளை உள்ளங்கையால் குத்தப் போனான்.

"கைப்பிடி கேபிள் மாட்டலையே," என்றாள்.

ஆமாம். மாட்டாமல் மூடியிருந்தால் உள்ளேயிருந்து கதவைத் திறக்கவே முடியாது. ஸ்கூல் வாசலில் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு நின்றிருக்கும். "நல்லவேள," என்று சொல்லிவிட்டு, பேனலைச் சாய்த்துப் பிடித்துக் கேபிளைக் கொக்கியில் மாட்டினான். கதவைத் திறந்து மூடிச் சரிபார்த்தான். குத்துக் குத்தாக விட்டதில், உடையாத கிளிப்புகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. உடைந்த இடங்களில் பேனல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு திருகாணி கதவுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கெல்லாம் இப்போது யார் கவலைப்பட்டார்கள்.

அவன் கையைக் கழுவி, கீறல்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பா பின்சீட்டில், புது ஷூ, சீவிய தலை, காதில் மெஷின்.

தெருமுனை திரும்பியாயிற்று. யாரும் பேசவில்லை. அவனுக்கு என்னென்னவோ பேச வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், பெண்டாட்டியிடமும் கேட்க வேண்டும், அவள் வீட்டுப் பக்கம் என்று தான் சொன்ன அந்த வார்த்தைக்கு. ஆனால் வாயைத் திறந்தால் பின்னால் அத்தனையும் கேட்கும் என்ற நினைப்பே நாக்கைக் கட்டிப்போட்டது. அவளுக்கும் அதே பயம்தான் போலும். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். டயர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

ஸ்கூல் கேட் தூரத்தில் தெரிந்தது. அப்போதுதான் பின்சீட்டிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. அதில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, மெஷின் வேலை செய்யல."

அவன் சட்டென்று பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரனை அலறவிட்டு, திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். பாப்பா திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் பதறித் திரும்பினாள்.

"என்ன ஆச்சு? விசில் அடிச்சுதே. எப்பலேர்ந்து?"

"கார் கிளம்பினதுலேர்ந்து." பாப்பா குனிந்தபடியே மெஷினை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசறது ஒண்ணுமே கேக்கல."

அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாரன் சத்தம் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. அம்மா கேட்ட கேள்விக்கு உதட்டைப் பார்க்காமலே பதிலும் சொல்லிவிட்டது. இருந்தும் முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பார்கள் என்பதை மட்டும் அந்தக் குழந்தையால் நம்ப முடியவில்லை. தன் காதுதான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தது.

அவன் கியரை மாற்றினான். வண்டி மெதுவாக நகர்ந்தது. அவள் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏதாவது பேசு," என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, உதட்டுக்குள்.

அவள் யோசித்தாள். அவனும் யோசித்தான். சண்டையை எடுத்துவிட்டால் இந்தக் காருக்குள் பேசுவதற்கு அவர்களிடம் ஒரு விஷயமும் இல்லை.

"என்ன பேசறது?" என்றாள், அவனைவிடத் தணிந்த குரலில்.

"இப்ப கேக்குது," என்றாள் பாப்பா பின்னாலிருந்து.